ஓடும் பிள்ளை, ஓட முடியாத தாய்

எங்கள் இருவருக்குமே காலைதான் சிரமம். எனக்கு முடக்குவாதம். கண் விழித்தாலும் கை விழிக்க நேரமாகும். விரல்கள் மடங்காது, முழங்கால் மடக்கினால் நிமிராது. தண்ணீர்த் தம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவேன். மகனுக்கு ஆட்டிசம். நேற்று வைத்த பொருளெல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால்தான் அவனுக்குப் பொழுது விடியும். அவன் சுற்றி முடிக்கவும் என் விரல் மடங்கவும் ஏறக்குறைய ஒரே நேரம் பிடிக்கிறது. அதுவரை இந்த வீட்டில் யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. அவனுடைய அப்பா அதற்கு வெகு முன்னாலேயே நண்டு வலையோடு கடலுக்குப் போயிருப்பார்.

*

நாள்காட்டித் தாளைக் கிழிப்பது அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமைத் தாள் வந்துவிட்டால் "மாத்திரை" என்பான். ஒரு தடவைதான். நான் கேட்டேனா இல்லையா என்பது அவனுக்குக் கவலையில்லை, சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

நான் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரு நாள் மட்டும் விழுங்க வேண்டிய மாத்திரை. மறதியில் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து உயிருக்கே உலை வைத்துவிடும். அப்படிப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. வலி கூடிய வாரத்தில் எனக்குக் கிழமையே மறந்து போகும். அவனுக்கு மறக்காது. "மாற்றம் வந்தால் தாங்க மாட்டான், ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்று பிடிவாதம்" என்று மருத்துவக் குறிப்பில் குறையாக எழுதியிருக்கிறார்களே, அந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் நான் மருந்து சாப்பிடுகிறேன். மாத்திரைப் பெட்டி பரணில் பூட்டிக் கிடக்கிறது. கிழமை மட்டும் அவன் பொறுப்பு.

*

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் ஊர் காரங்காடு. பாக் விரிகுடாக் கரை. வனத்துறைப் படகில் ஏறி அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். எவ்வளவு அமைதி, எவ்வளவு பறவை என்று சொல்லிவிட்டு நண்டு சூப் குடித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு இந்த ஊரைப் பார்த்தால் முதலில் தெரிவது போகிற பக்கமெல்லாம் தண்ணீர் என்பதுதான்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குச் சொல்லாமல் கிளம்பிப் போகும் பழக்கம் உண்டு. தண்ணீர் மீது தீராத ஈர்ப்பும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளின் சாவுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று நீரில் மூழ்குவது. கடல் இல்லாத ஊர்களுக்கும் அங்கே இது பொருந்தும், குளமும் நீச்சல் தொட்டியும் போதும். நாங்கள் கடலுக்கே வாசல் வைத்து வாழ்கிறோம்.

அவன் போவது எப்போதும் ஒரே இடத்துக்கு. நீர் வற்றிய நேரத்தில் சேற்றிலிருந்து அலையாத்தியின் மூச்சுவேர்கள் பென்சில்களைக் குத்தி வைத்த மாதிரி நிமிர்ந்து நிற்கும். சேற்றுக்குள் காற்று கிடைக்காது, அதனால் அந்த மரம் வேரையே மேலே அனுப்பி மூச்சு வாங்குகிறது. இவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு வேரின் நுனியையும் தொடுவான். ஒன்றையும் விட மாட்டான். நடுவில் ஒரு சின்ன நண்டு ஓடிவிட்டால் அது வளைக்குள் திரும்பும் வரை காத்திருந்து, மறுபடி முதல் வேரிலிருந்து ஆரம்பிப்பான். பாக் விரிகுடாவில் நீர் ஏற்றம் பெரிதாக இருக்காது, ஆர்ப்பாட்டமில்லாமல் ஏறும். கணுக்காலில் தண்ணீர் வந்தது அவனுக்குத் தெரியாது. கரையில் நிற்கும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அந்தச் சேற்றில் கால் வைத்து எடுக்க என் முழங்காலுக்கு வலுவில்லை.

*

இங்கே கயிற்றைப் பற்றி எழுத வேண்டும்.

பிழைப்புக்குப் போகும் தாய் பிள்ளையின் காலில் கயிற்றைக் கட்டித் தூணில் முடிந்துவிட்டுப் போவது நம் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. அதைப் படம் எடுத்துப் போட்டு "கல் நெஞ்சம்" என்று எழுதுகிறவர்கள் அந்தத் தாய்க்குப் பதிலாக ஒரு பகல் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். நான் கட்டியதில்லை. ஆனால் கட்டியவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. கை வீங்கிப் படுத்திருக்கிற நாளில், கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால், எழுந்திருக்க முடியாதவளுக்கு மனம் எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும்.

கயிறு எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் எங்கள் மாவட்டத்துக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன்பின் உச்ச நீதிமன்றம் தலையிட்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. மனநோய் குணமாகும் என்று ஏர்வாடித் தர்காவை நம்பி வந்தவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. நம்பிக்கையை முதலாக வைத்துக் கொட்டகை போட்டவர்கள் மீதுதான் கோபம். ஆட்டிசம் மனநோய் அல்ல, பிறவியிலேயே மூளை வேறு விதமாக வளர்வது. ஆனாலும் "ஏர்வாடிக்கு ஒரு தடவை கொண்டு போய்ப் பாரேன்" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

*

அத்தை ஓரியூருக்குப் போய்ச் செம்மண் எடுத்து வந்தார்கள். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி கிறிஸ்தவப் புனிதர் அருளானந்தர் தலை வெட்டுண்ட இடம் அது. அவர் ரத்தம் பட்டுச் சிவந்த மண் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. பேரன் நெற்றியில் பூசினார்கள். அவன் உடனே துடைத்தான், நெற்றியில் ஈரம் ஒட்டினால் அவனுக்குப் பொறுக்காது. மிச்சத்தை என் மணிக்கட்டில் பூசினார்கள். வலி போகவில்லை. ஆனால் அவ்வளவு நேரம் என் கையை யாரும் பிடித்துக்கொண்டிருந்ததில்லை.

"தாயி நோயாளி, அதான் பிள்ளை இப்படி" என்று ஊரில் பேச்சு இருந்தது. நோய் எனக்கு வந்தது அவன் பிறந்து சில ஆண்டுகள் கழித்து என்பதெல்லாம் பேச்சுக்கு முன்னால் எடுபடாது. படித்தவர்கள் இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறார்கள். 1943இல் லியோ கேனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்துக்கு ஓர் அடையாளம் கொடுத்தார். பின்னால் வந்த சிகாகோப் பேராசிரியர் புரூனோ பெட்டல்ஹைம், பாசமில்லாத தாய்தான் காரணம் என்று 1967இல் புத்தகமே போட்டார். அதற்கு மூன்று வருடம் முன்பே பெர்னார்ட் ரிம்லாண்ட், அவரும் ஓர் ஆட்டிசப் பிள்ளையின் அப்பா, இது உடற்கூறு சம்பந்தப்பட்டது என்று எழுதிவிட்டார். ஆனாலும் பழி தாய்மார் தலையில் வெகு காலம் இருந்தது. எங்கள் ஊர்க் கிழவிகளை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். பேராசிரியரை மன்னிக்க மனம் வரவில்லை.

*

அவனுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கப் போனபோது 40 கேள்விகள் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70ஐத் தொட்டால் ஆட்டிசம், 153ஐத் தாண்டினால் கடுமையானது. கண்ணைப் பார்க்கிறானா, சொன்னதையே திருப்பிச் சொல்கிறானா, வலி தெரிகிறதா. எல்லாம் சரியான கேள்விகள்தான். அம்மா படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று ஒரு கேள்வி அதில் இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. அதில் ஆட்டிசம் உண்டு. முடக்குவாதம் என்ற பெயர் இல்லை. என் விரல்கள் கோணி, நடை போன பிறகுதான் நான் கணக்கில் வருவேன். அதுவரை நான் 'பராமரிப்பாளர்'.

*

என் மருத்துவம் மதுரையில். விடிவதற்கு முன் பஸ் ஏற வேண்டும். முந்தின நாள் இரவே நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு பஸ், ஓர் ஊசி, பிறகு வீடு என்று வரைந்து அவனிடம் கொடுத்துவிடுவேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். படம் வரையாமல் நான் கிளம்ப முடியாது. வலி கூடும் என்று தெரிந்த நாளுக்கும் படம் இருக்கிறது: பாயில் படுத்த அம்மா, பக்கத்தில் நாத்தனார். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அந்தப் படத்துக்கு வேலை அதிகம்.

நோய் வரும் முன் அவனுக்கு என்ன வேண்டும் என்பது எனக்கு மட்டும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எந்த முனகல் பசி, எந்த முனகல் சத்தம் தாங்காதது, பயந்தால் ஜமுக்காளத்தில் இறுக்கிச் சுருட்ட வேண்டும் என்பதெல்லாம் என் தலைக்குள் இருந்தன. இறுக்கிச் சுருட்ட என் கைகளால் ஆகாத நிலை வந்ததும் வேறு வழியில்லாமல் நாத்தனாருக்குச் சொல்லிக் கொடுத்தேன். "நீங்க படுங்க மதினி, நான் பார்த்துக்கிறேன்" என்று அவள் சொன்னபோது முதலில் வந்தது நன்றி அல்ல, பொறாமை.

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னேன். வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்களிடம், படகுக்காரர்களிடம், சுற்றுலாப் படகில் நிற்கும் பையன்களிடம். துரத்தாதீர்கள், துரத்தினால் விளையாட்டு என்று நினைத்து இன்னும் உள்ளே ஓடுவான். 'டேய்' என்று கத்தாதீர்கள், அவன் காதைப் பொத்திக்கொள்வான், நீங்கள் சொல்வது ஒன்றும் கேட்காது. அவனுக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நின்று, மெதுவாக "வேர் முடிஞ்சது, வீடு" என்று சொல்லுங்கள். இந்த மூன்று வார்த்தை இப்போது கரையில் நிறையப் பேருக்குத் தெரியும். அவனுடைய அப்பா மீன்பிடித் தடைக்காலத்தில் அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறார். மிதக்க வந்துவிட்டது. கரைக்குத் திரும்ப வேண்டும் என்பது இன்னும் வரவில்லை.

பயிற்சி மையங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் கற்றுத்தந்ததுதான் அந்தப் படம் வரையும் வழியே. ஆனால் மையம் வாரத்தில் சில மணி நேரம். மற்ற நேரமெல்லாம் கரையும் தெருவும்தான். அங்கே இருப்பவர்களுக்கு அவனைத் தெரியவில்லை என்றால் எந்தப் பயிற்சியும் பாதிதான்.

*

அவனுக்கு 18 வயது முடிந்ததும், பெற்றவர்கள் என்பதாலேயே நாங்கள் சட்டப்படி பாதுகாவலர்கள் ஆகிவிட மாட்டோம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுத்து நியமனம் வாங்க வேண்டும். எங்களுக்குப் பிறகு யார் என்பதையும் இப்போதே பேசி வைக்க வேண்டும். நாத்தனாரிடம் கேட்டேன். "இதை எதுக்குக் கேட்டுக்கிட்டு" என்று சொல்லிவிட்டு ஜமுக்காளத்தை உதறப் போய்விட்டாள்.

உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், எப்போது சரியாகும் என்று கேட்காதீர்கள். தண்ணீர்க்கரையில் தனியாகப் பார்த்தால் என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று அவன் அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே, அவளுக்கு உடம்பு முடியாமல் போனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்றும் கேளுங்கள்.