திருவோடும் நாயும்

வளர்த்த நாயின்மேல் வைக்கும் அன்பு அறுக்க வேண்டிய பற்றா, மனிதனைப் பழக்கும் ஒழுக்கமா என்பது இவ்வுரையாடலின் பொருள். ஐயம் எழுப்பும் மாணவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். பன்னிரண்டு ஆண்டு வளர்த்த நாயை அண்மையில் இழந்தவர். விடை சொல்லும் ஆசிரியர் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள திருமுல்லைவாயிலில் சைவ நூல்களுக்குப் பாடம் சொல்பவர். இடம், மாசிலாமணீசுவரர் கோயில் குளக்கரை.

மாணவர்: ஐயா, அது போய் நாற்பது நாள் ஆகிறது. ஷிப்ட் முடிந்து தெருமுனை திரும்பினால் இன்னும் கண் வாசற்கேட்டின் அடியில் அதைத் தேடுகிறது. ஒரு நாய்க்காக இப்படி அழுவது அறியாமைதானே?

ஆசிரியர்: இத்தலத்தின் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது தம்பி. தொண்டைமான் என்னும் மன்னன் படையோடு வந்தபோது அவன் யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கியது. தடை என்று எண்ணி வாளால் வெட்டினான். கொடிக்கு அடியிலிருந்து குருதி வந்தது. விலக்கிப் பார்த்தால் சிவலிங்கம். சுந்தரர் இத்தலப் பதிகத்தில் இந்நிகழ்ச்சியைச் சுட்டுகிறார். வெட்டுப்பட்ட திருமேனிக்குத்தான் இன்றும் சந்தனக் காப்பு. காலைச் சுற்றியதெல்லாம் தளை ஆகாது. வெட்டுவதற்கு முன் கொடியின் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மாணவர்: சோறு போட்டதால்தான் வாலாட்டியது என்கிறார்களே?

ஆசிரியர்: சோற்றில் தொடங்கியது சோற்றோடு நிற்பதில்லை. நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இரு உடலிலும் ஆக்சிடோசின் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். தாய்க்குப் பால் வெளிவரச் செய்யும் அதே சுரப்புதான் அது. பிள்ளையின் அன்பும் பாலில்தான் தொடங்குகிறது. அதை யாரும் கூலி என்று சொல்வதில்லை.

மாணவர்: நாய் கடிக்கிறது. வெறிநோய் வருகிறது.

ஆசிரியர்: அது தத்துவத்தால் தீர்வதன்று, ஊசியால் தீர்வது. ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது வளர்ப்பவர் கடமை. கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது.

மாணவர்: கடைசியாக ஒன்று, ஐயா. துறவி பட்டினத்தாரே நாய் வளர்த்த சீடரைச் சம்சாரி என்றார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியபோது, வீட்டாரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாயோடு மொட்டைமாடியில் கிடந்தேன். கட்டுண்டவன் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆசிரியர்: இந்த ஒரு தடைக்குத்தான் விரிவான விடை தேவை. அந்தச் சீடர் பத்திரகிரியார், உச்சயினியின் அரசராக இருந்தவர். பட்டினத்தாரைக் கழுவேற்றச் சொல்லி, கழுமரம் பற்றி எரியக் கண்டு, அவருக்கே சீடரானவர். இருவரும் திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் தங்கினார்கள். கீழை வாசலில் குரு, மேலை வாசலில் சீடர். சீடர் திருவோட்டில் பிச்சை ஏற்று வந்து குருவுக்குக் கொடுத்து, மிச்சத்தைத் தாம் உண்டு, கூட வந்த நாய்க்கும் இடுவார். ஒருநாள் இறைவன் இரவலனாக வந்து பட்டினத்தாரிடம் கை நீட்டினான். மேலை வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் ஓடும் இருக்கிறது, நாயும் இருக்கிறது, அங்கே போய்க் கேள் என்று அனுப்பிவிட்டார் குரு. சொல் சீடரைச் சுட்டது. ஓட்டை வீசி எறிந்தார். அது நாயின் தலையில் பட்டது, நாய் இறந்தது.

பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிட்டு, பற்றை அறுத்தார் என்று பொருள் சொல்கிறார்கள். அந்தப் பொருள் பிழை. ஓட்டையும் நாயையும் குரு ஒரே மூச்சில் சொன்னாலும் அவை ஒன்றல்ல. ஓடு தன் வயிற்றுக்காக வைத்திருப்பது. நாய், அந்த ஓட்டிலிருந்து இன்னொரு வயிற்றுக்கு எடுத்து வைக்கச் செய்வது. முன்னது சேர்க்கப் பழக்கும், பின்னது கொடுக்கப் பழக்கும். தொண்டைமானைப் போலவே சீடரும் தடை என்று எண்ணி வெட்டினார், குருதி வந்தது.

கதை மேலும் செல்கிறது. அந்த நாய் காசி மன்னன் மகளாகப் பிறந்து, வளர்ந்ததும் மேலை வாசலைத் தேடி வந்தது. நாலடியார் நட்பைச் சொல்ல யானையையும் நாயையும் ஒப்பிடுகிறது. யானை நெடுநாள் பழகிய பாகனையே கொல்லும். நாயோ, எறிந்தவன் வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் அவனைக் கண்டு வாலாட்டும். ஓடு பட்டு இறந்த உயிர் எறிந்தவரையே தேடி வந்ததில் அந்த இலக்கணம் முழுமையாக இருக்கிறது. நாயிடம் மனிதன் கற்க வேண்டியவற்றில் இதுவே தலையாயது, கடினமானதும் இதுவே. அடித்த கை சோறு வைத்தால், அடி அதன் கணக்கில் நிற்பதில்லை.

மொட்டைமாடியில் இருந்த இரவுகளையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். நாய்க்காகத் தங்கிய நீ அங்கே என்ன செய்தாய் என்று முன்பு நீயே சொல்லியிருக்கிறாய். பெயர்கூடத் தெரியாத எதிர்வீட்டு முதியவர்களுக்குக் கயிற்றில் கட்டித் தண்ணீர் கேனும் பிஸ்கட்டும் அனுப்பினாய். நாய் இல்லாவிட்டால் நீ அங்கே இருந்திருக்கவே மாட்டாய். முல்லைக்கொடி நட்ட பந்தலோடு நிற்பதில்லை, அடுத்த வேலிக்கும் தாவும். தாவாமல் தன் வீட்டுக்குள்ளேயே சுருண்டுகொள்ளும் அன்புதான் பற்று, அதை அறுக்கலாம். நாற்பது நாள் அழுகை அந்த வகையைச் சேர்ந்ததன்று. நாயின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான் என்று தெரிந்தே வளர்க்கிறோம். அறுந்த இடம் வலிக்கத்தான் செய்யும். இக்கோயிலில் வெட்டுப்பட்ட இடத்துக்குச் சந்தனம் சாத்துகிறார்கள். கொடியைக் குறை சொல்வதில்லை.

தேடி வந்த பெண்ணைப் பத்திரகிரியார் குருவின் முன் நிறுத்தினார். ஒரு சோதி தோன்றியது. சீடரும் நாயாக இருந்த உயிரும் சேர்ந்து அதில் கலந்தார்கள். சம்சாரி என்று சொன்ன பட்டினத்தார் அதன் பிறகும் தலம் தலமாக நடந்தார். அவருடைய சமாதி இங்கிருந்து கிழக்கே, திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது.