நீருக்குள் இறங்கியவனும் கயிறு பிடித்தவனும்

ஞானஸ்நானம் என்னும் சொல்லோடு தமிழ்நாட்டில் இரண்டு வினைகள் வழங்குகின்றன: 'எடுத்தேன்' என்பார் சிலர், 'பெற்றேன்' என்பார் சிலர். சபைகள் நெடுங்காலமாய் நடத்திவரும் தர்க்கத்தின் பெரும்பகுதி இவ்விரு வினைகளுக்குள் அடங்கிவிடும். அறிவு வந்தபின் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடுபவன் எடுக்கும் தீர்மானமா அது, அல்லது கேட்க வாயில்லாத கைக்குழந்தைக்கும் அருளப்படும் கிருபையா? முன்னதைச் சொல்வோரின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆயினும் முத்துக்குளித்துறையின் வரலாறு என்னைப் பின்னதன் பக்கமே இழுக்கிறது.

அவ்வரலாற்றின் தொடக்கம் அப்பழுக்கற்றதன்று. முத்துக்குளிப்பு உரிமை பற்றி முஸ்லிம் வணிகரோடு மூண்ட பகையில் நலிந்த பரதவர், குதிரை வணிகர் ஜான் தா குரூஸின் யோசனைப்படி கொச்சிக்குத் தூது சென்று போர்த்துக்கேயரின் பாதுகாப்பை வேண்ட, அதற்கு ஈடாக 1535-க்கும் 1537-க்கும் இடையே ஏறக்குறைய 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். 1542-இல் வந்திறங்கிய சவேரியார், நீங்கள் யாரென்று கேட்டபோது கிறிஸ்தவர்கள் என்றார்கள்; அதற்குமேல் கேட்டபோது சொல்ல அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. வளர்ந்தவர்களாயினும் வேத விஷயத்தில் அவர்கள் கைக்குழந்தைகளே. கப்பற்படையை நம்பி வாங்கிய அந்த நீரைத் தெய்வம் அங்கீகரித்ததா?

இக்கேள்வி புதிதன்று. வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் என்னும் பிரிவினரோடு வாதிட்ட புனித அகுஸ்தீனார், கொடுப்பவன் பாவியாயினும் ஞானஸ்நானம் கிறிஸ்துவினுடையதே என்றார். அதனினும் துணிந்து, கபட மனத்தோடு பெற்றவனுக்குக்கூட மறுமுறை அது வேண்டாம், அவன் மனந்திரும்பும் நாளில் முன்பு பெற்றதே பலன் தரும் என்றார். மனிதனுடைய நோக்கம் கலங்கியிருந்தாலும், தேவன் கொடுத்த சொல் அதனால் கலங்குவதில்லை.

சாஸ்திரிகள் ஏடு புரட்டி அறிந்த இதனைக் குளியாளி தன் தொழிலிலேயே அறிந்திருப்பான். காலில் கல்லைக் கட்டி, மூச்சடக்கி, சிப்பிப் பாரில் இறங்குபவனுக்கு உயிர் தன் நெஞ்சிலன்று, மேலே தோணியில் நிற்பவன் கையிலுள்ள கயிற்றில் இருக்கிறது. அக்கயிற்றை மைத்துனனிடம் கொடுப்பதே வழக்கம் என்பார்கள். உடன்பிறந்தாளின் தாலி தன் கையில் இருக்கிறதென்று அறிந்தவன் பிடியைத் தளரவிடமாட்டானல்லவா! 1961-க்குப் பின் இத்துறையில் பழைய முறைச் சலாபம் நடைபெறவில்லை. கயிற்றின் கதையை மட்டும் கிழவர்கள் இன்னும் சொல்கிறார்கள்.

பழைய சடங்கில் குழந்தையின் நாவில் குருவானவர் சிறிது உப்பு வைப்பார். உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடியில் பிறந்த குழந்தையும் அந்த ஒரு கல் உப்புக்கு முகஞ்சுளித்து அழும். அழுகை ஓயுமுன்னே தலையில் தண்ணீர் விழுந்துவிடும். குழந்தையின் சம்மதத்துக்காக எவரும் காத்திருப்பதில்லை. அதற்குப் பதிலாக விசுவாசத்தை அறிக்கையிடுபவர் ஞானத்தகப்பனார்.

முத்துக்குளித்துறையிலோ, முன்பே பெற்ற அந்த ஞானஸ்நானத்துக்கு அச்சில் விளக்கம் வந்துசேர 40 ஆண்டுகள் ஆயின. அன்றிக்கு அன்றீக்கஸ் என்னும் சேசு சபைக் குருவானவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் ஞானோபதேச நூல் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சேறியது. தமிழ் அச்சு வேலைக்கென்று பணம் திரட்டிக் கொடுத்தவர்கள், அன்று சவேரியாருக்குப் பதில் சொல்லத் தெரியாது நின்ற அதே கரையின் பரதவர்கள்.