பாரம் தாங்குவது யார்?

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் முன்வாசல் பேருக்குத்தான். வீட்டார் போவதும் வருவதும் பெரும்பாலும் கராஜ் கதவு வழியே. டெக்சஸிலும் நியூ ஜெர்சியிலும் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்களுக்கும் அதுவே தலைவாசலாகிவிட்டது. காரில் உட்கார்ந்தபடி பொத்தானை அழுத்தினால் ஏறும், மறுபடி அழுத்தினால் இறங்கும். இத்தனை லேசாக ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, அதற்கு எடை உண்டு என்பதையே மறந்துபோகிறோம்.

இரண்டு கார் நிற்கும் அகலமுள்ள இரும்புத் தகட்டுக் கதவு பெரும்பாலும் 70 கிலோவுக்குக் குறையாது. மரக்கதவானால் இன்னும் அதிகம். அதைக் கூரையில் தொங்கும் மோட்டார்தான் தூக்குகிறது என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். உண்மையில் பாரத்தில் பெரும்பகுதியைச் சுமப்பது, வாசலுக்கு மேலே இரும்புத் தண்டில் முறுக்கி வைத்த ஸ்பிரிங். 7 அடி உயரக் கதவுக்கு அதை ஏறக்குறைய ஏழரைச் சுற்று முறுக்கியிருப்பார்கள். கதவு மூடிக் கிடக்கும்போதுதான் அந்த முறுக்கு உச்சத்தில் இருக்கும். இரவெல்லாம் வீடே உறங்குகையில் அது மட்டும் விறைத்து நிற்கிறது.

துலா மிதித்து நீர் இறைத்த காலத்தில், கீழே சால் பிடிப்பவருக்கு மேலே மிதிப்பவர் கண்ணில் படுவார். அவர் கால் தவறினால் தன் கதி என்ன என்பதும் தெரியும். இன்றைய வசதிகள் சுமப்பவரை மறைத்துவிட்டன. எதன் தயவில் நம் வேலை இலகுவாகிறது என்று அறியாமலே அதைக் கழற்றத் துணிகிறோம். கராஜில் நேரும் விபத்துகளில் பலவற்றுக்கும் இந்த அறியாமையே வேர்.

சாதாரண ஸ்பிரிங் ஒன்று, ஏறி இறங்குவதை ஒரு தடவையாகக் கொண்டால், சுமார் 10,000 தடவைக்குச் செய்யப்பட்டது. நாளுக்கு நான்கு தடவை என்றால் ஏழு வருடம்கூட வராது. அது முறியும்போது வெடிச்சத்தம் போலக் கேட்கும். மறுநாள் காலை கதவு ஒரு சாண் ஏறி நின்றுவிடும். உள்ளே கார், வெளியே அவசரம். தப்பான முடிவுகள் இந்த நேரத்தில்தான் எடுக்கப்படுகின்றன. மோட்டாரிலிருந்து கதவை விடுவிக்கும் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும். ஸ்பிரிங் முறிந்து கதவு திறந்தே நிற்கும்போது அதை இழுத்தால், முழுப் பாரமும் கீழே நிற்பவர் மேல் இறங்கும். மூடிய கதவில் இழுத்தால் விழ இடமில்லை. ஆனால் தூக்க முயல்பவர் இடுப்பு போய்விடும். காரை உள்ளேயே விட்டுவிட்டு வேறு வண்டியில் போவதே விவேகம். ஒரு நாள் அலுவலகம் தாமதமானால் என்ன குடி முழுகிவிடும்?

இன்னொரு கூட்டம் வீடியோ பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரோடு ஏணியில் ஏறுகிறது. ஸ்பிரிங்கின் முறுக்கை ஏற்றவும் இறக்கவும் அதன் துளைக்கு அளவான இரண்டு இரும்புக் கம்பிகள் வேண்டும். ஒன்று பிடித்துக்கொள்ள, மற்றது திருப்ப. ஸ்க்ரூடிரைவர் நழுவினால் அது தெறிக்கிற இடத்தில் கையோ முகமோ இருக்கும். கதவின் அடி மூலையில் கேபிள் மாட்டியிருக்கும் இரும்புப் பிடியும் அப்படித்தான். பார்வைக்கு நாலு போல்ட், பின்னால் மொத்த விசையும் காத்திருக்கிறது.

கீல் திருகுகளை இறுக்கலாம், உருளைகளுக்கு எண்ணெய் விடலாம், அடி ரப்பரை மாற்றலாம், சென்சார் கண்ணாடியைத் துடைக்கலாம். இவையெல்லாம் வீட்டுக்காரர் கைக்கு உரியவை. ஸ்பிரிங், கேபிள், அடிமூலைப் பிடி, தண்டவாளம் விட்டு விலகிய கதவு ஆகியவை தொழில் கற்றவருக்கு உரியவை. தன் கைக்கு எட்டாததை விட்டுவிடுவதில் எந்தக் குறைவும் இல்லை. வருகிற மெக்கானிக்குக்கும் உடம்பும் குடும்பமும் உண்டு. ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று அவரை விரட்டுவதும், ஒன்றாகத் தேய்ந்த இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லிப் பேரம் பேசுவதும் சிக்கனத்தில் சேராது.

இதுவரை சொன்னதில் ஆபத்து பெரும்பாலும் கை வைத்தவருக்கே. இனிச் சொல்வது பிறர் உயிர் பற்றியது. தானியங்கிக் கதவுகளுக்கு அடியில் சிக்கிக் குழந்தைகள் மாண்டதன் விளைவாக, 1993 முதல் தயாராகும் வீட்டு மோட்டார்களுக்கு இடையில் அகப்படுபவரைக் காக்கும் ஏற்பாடு அமெரிக்காவில் சட்டப்படி கட்டாயம். வாசலின் இருபுறமும் தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரத்தில் இருக்கும் சென்சார்கள் அதற்காகத்தான். தவழும் பிள்ளையும் அவற்றுக்கிடையே பாயும் ஒளியை மறித்தாக வேண்டும். ஆனால் அடிக்கடி தகராறு செய்கிறதென்று, இரண்டு சென்சார்களையும் கழற்றி, ஒன்றையொன்று பார்க்கும்படி கூரையருகே கட்டிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கதவு ஒழுங்காக மூடுகிறது. வாசலில் எதுவும் இல்லையென்று மோட்டாரும் நம்புகிறது. இதற்குப் பழுதுபார்த்தல் என்று பெயரில்லை. தன் சௌகரியத்துக்காக அடுத்த வீட்டுக் குழந்தையையும் பணயம் வைக்கிற காரியம் இது. படித்தவர்கள் செய்கிறார்கள் என்பதால் பாவம் குறைந்துவிடாது.

உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் இன்றே இறக்கி உரிய இடத்தில் பொருத்துங்கள். பிறகு, வாசலின் நடுவே 38 மில்லிமீட்டர் தடிமனுள்ள கட்டையைப் படுக்கவைத்துக் கதவை இறக்கிப் பாருங்கள். கட்டையைத் தொட்ட இரண்டு விநாடிக்குள் அது மேலே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், கதவை மூடி, மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை பிள்ளைகள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.