வீண் வேகம்

"இதனால யாருக்கு என்னடி பிரயோஜனம்?"

அம்மா இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது 2024 மாசி மாதத்தில். மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் பதினாறு வருடமாகச் சாக்குக்குள் கிடந்த அப்பாவின் யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியை வெளியே இழுத்து, எஞ்சினைக் கழற்றி, பழைய எவர்சில்வர் அன்னக்கூடையில் மண்ணெண்ணெய் ஊற்றி உதிரிபாகங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. கேள்வி நியாயமானது. இந்த வண்டியை நான் தயார் செய்தது வேலைக்குப் போய்வரவோ, பால் கேன் கட்டவோ இல்லை. நானூறு மீட்டர் தூரம் நேராக ஓடி நிற்கத்தான். சரியாகச் சொன்னால் கால் மைல், 402 மீட்டர். டிராக் பந்தயம் என்று பெயர்.

1985இல் இந்தியச் சந்தைக்கு வந்து 1996இல் நின்றுபோன வண்டி இது. 98 சிசி, பதினொரு குதிரைத்திறன். எடை நூறு கிலோவை ஒட்டி. இன்றைய வண்டிகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். சிலிண்டரின் போர்ட்டுகளை அரம் வைத்து ராவி அகலப்படுத்தி, ஹெட்டைக் கடைந்து இறக்கி, பெரிய கார்புரேட்டரும் வயிறு புடைத்த ரேஸ் சைலன்சரும் மாட்டினால் பழைய வண்டிக்குள்ளிருந்து வேறொன்று எழுந்து வரும். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இந்தக் கைவேலை தெரிந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பெண் ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் இந்தப் பித்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள், பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டையும் கூரையையும் கழற்றி எறிந்து, எஞ்சினைத் திருத்தி 'ஹாட் ராட்' ஆக்கினார்கள். 1950இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா விமான ஓடுதளத்தில் முறையான பந்தயம் தொடங்கியது. 1992இல் அதே கலிபோர்னியாவில், பழைய வண்டிகளும் பழைய ஓட்டுநர்களும் கூடும் ஹாட் ராட் ரீயூனியன் ஆரம்பித்தது. கடந்த காலத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கும் பந்தயம் அது.

நமக்கும் அந்தப் போர் ஓடுதளங்களை விட்டுச் சென்றது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த ஓடுதளத்தில்தான் பல பத்தாண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் பிறகு வந்தது. எங்கள் மாவட்டத்திலும் ஒன்று உண்டு, உளுந்தூர்பேட்டையில். விமானம் வராத அந்த ஓடுதளத்துக்கு அப்பாவும் கூட்டாளிகளும் ஞாயிறு விடியலில் போவார்களாம். திரும்பி வந்து அந்த வாரம் முழுக்கப் பேசுவார்களாம். அந்தக் கதைகளில் அம்மா வருவது ஒரே ஓர் இடத்தில்தான். பிஸ்டன் ஜாம் ஆகி வண்டி நின்றபோது புது பிஸ்டனுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்கிற இடத்தில். அம்மாவின் பால் காசு. அந்த மாதம் சொசைட்டியில் வாங்கியது மொத்தமும்.

அதனால், "அந்தக் காலம் போல வருமா?" என்று ஆண்கள் பெருமூச்சு விடும்போது எனக்கு நெருடும். எந்தக் காலம்? பழைய நாட்களுக்காக ஏங்குவதற்கும் ஒரு தகுதி வேண்டும். அந்த நாட்களில் உட்கார ஓர் இருக்கை இருந்திருக்க வேண்டும். என் அம்மாவுக்கு இருந்தது வண்டியின் பின்னிருக்கை. அதுவும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகையில் மட்டும்.

அப்படியென்றால் நான் எதற்காக இதைத் தூசி தட்டுகிறேன்? அப்பாவின் இளமையை மீட்பதற்காக இல்லை. அங்கும் சில பெண்கள் இருந்தார்கள். சாண்டா ஆனா திடலை நடத்தியவரின் மனைவி பெக்கி ஹார்ட், தானும் வண்டி ஓட்டி ஆண்களை ஜெயித்தவர். ஷெர்லி மல்டவுனி பதினாறு வயதில் மணமானவர். மெக்கானிக்கான கணவர் கட்டித் தந்த வண்டியில் தொடங்கி, டிராக் பந்தயத்தின் உச்சப் பிரிவான டாப் ஃப்யூவலில் 1977, 1980, 1982 என்று மூன்று முறை சாம்பியன் ஆனவர். 1984இல் கோர விபத்தில் கால்கள் நொறுங்கி, மீண்டும் தடத்துக்குத் திரும்பியவர். அவர்களைப் போல ஆயிரம் பேர் வந்திருக்கக்கூடிய காலம் அது. வராமல் போன அந்த ஆயிரம் பேரின் பாக்கியைத்தான் நான் வசூலிக்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சொல்லிக்கொள்ள நன்றாக இருந்தது. ஆனால் அம்மாவின் கேள்வி அப்படியே நின்றது. பிரயோஜனம் என்ன?

நாம் பெண்கள், எந்த ஆசையையும் ஒரு பிரயோஜனத்தில் பொதிந்துதான் வெளியே எடுக்கப் பழகியிருக்கிறோம். ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், பிள்ளையைப் பள்ளியில் விடலாம் என்போம். படிக்க வேண்டும் என்றால், குடும்பத்துக்குத் துணையாக இருக்கும் என்போம். நடைப்பயிற்சிகூட சர்க்கரை நோய்க்காகத்தான். அரசுத் திட்டங்களும் இதே மொழியில்தான் நம்மிடம் பேசுகின்றன: ஒரு பெண் படித்தால் குடும்பமே படிக்கும். அவளுக்கென்று மட்டும் ஒரு விஷயம் நின்றுவிட்டால் அது வீண். ஆண் நண்பர்களோடு வெட்டியாக ஊர் சுற்றினால் அது இளமை. யாரும் அவனிடம் ரசீது கேட்பதில்லை.

"ஆண்கள் செய்கிறார்களே" என்பது மட்டும் ஒரு செயலை நியாயமாக்கிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். அப்பாவின் வேகத்துக்கு அம்மா விலை கொடுத்தாள். தேசிய நெடுஞ்சாலையில் இரவில் பந்தயம் விடும் பையன்களின் வேகத்துக்கு, சாலையைக் கடக்கும் யாரோ ஒரு கூலிக்காரர் உயிரைக் கொடுக்கிறார். எனவே எனக்கு நானே இரண்டு விதி போட்டுக்கொண்டேன். என் வேகத்துக்கான விலையை நான் மட்டுமே கொடுக்க வேண்டும். மூடிய தடத்தைத் தவிர வேறெங்கும் இந்த வண்டியை முறுக்கக் கூடாது. இந்த இரண்டும் போதும், என் கை சுத்தம் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் மாதம் வந்தது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தின்னும். முதலில் கண், பிறகு உயிர்.

அதற்குச் சில வாரம் முன்புதான், எனக்கு வண்டிவேலை கற்றுத்தந்த மெக்கானிக் அண்ணன் ஒரு யோசனை சொல்லியிருந்தார். "பெட்ரோலை விட்டுட்டு மெத்தனாலுக்கு மாத்திடலாம் பாப்பா. எஞ்சின் சூடேறாது, கம்ப்ரஷனை இன்னும் ஏத்தலாம்." தப்பான யோசனையும் இல்லை. உலகம் முழுக்க டிராக் பந்தயத்தின் சில பிரிவுகளில் மெத்தனால் எரிபொருளாக ஓடுகிறது. பெட்ரோலைப் போல இரண்டு மடங்கு ஊற்ற வேண்டும், எரியும்போது அதன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. மற்றபடி நல்ல சரக்கு.

ஜூனுக்குப் பிறகு அந்தச் சொல்லை எங்கள் ஊரில் சாதாரணமாக உச்சரிக்க முடியவில்லை. வேண்டாம் என்றேன். அவர் வாதிட்டார்: "பொருள் என்னம்மா பண்ணும்? கத்தி காய் நறுக்கவும் ஆகும்." சரிதான், திரவத்துக்குப் பாவம் கிடையாது. ஆனால் எனக்கு உறுத்தியது திரவம் இல்லை, தூரம். ஒரே திரவம் ஒருவருக்கு விளையாட்டாகவும் இன்னொருவருக்குச் சாவாகவும் இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே எங்கள் கொட்டகையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. என் கை சுத்தம் என்பதற்கு அப்போது பெரிய அர்த்தம் இருப்பதாகத் தோன்றவில்லை. பெட்ரோலிலேயே ஓட்டுவது என்று முடிவானது. அது தீர்வு இல்லை, ஒரு மரியாதை மட்டும்தான்.

கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் கொண்டு வந்து விற்கும் அம்மா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருவார். மலையாளிப் பழங்குடி. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே அவருடைய ஊர். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. சாராயச் சாவுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து அங்குள்ள அடிப்படை வசதிகள் பற்றிய வழக்கை எடுத்த பிறகுதான், சாலையும் பஸ்ஸும் இல்லாத ஊர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் விரிவாக எழுதின. அந்த அம்மா ஒரு நாள் கொட்டகை வாசலில் கூடையை இறக்கிவிட்டு, நான் வண்டியை முறுக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சத்தம் அடங்கியதும் கேட்டார்: "இது மலை ஏறுமா கண்ணு?"

பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் போட்டிருந்தேன். சீறிக் கிளம்ப அது உதவும், மலை ஏறவும் அதுதான் வேண்டும். ஆனால் எஞ்சின் ஏறாது. உச்ச வேகத்தில் சுற்றினால் மட்டுமே சக்தி தரும்படி அதை ராவியிருந்தேன். ஆள் ஏற்றிக்கொண்டு மெதுவாக மேட்டில் இழுக்க அதனால் முடியாது. ராவிய உலோகத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது. "ஏறாதும்மா" என்றேன். "அப்படியா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டார். குறை சொல்லவே இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரசவ வலியில் தொட்டில் கட்டித் தூக்கி வரப்படும் பெண்களின் மலைக்குக் கீழே, நானூறு மீட்டர் சமதளத்துக்காக ஒரு நல்ல எஞ்சினைப் பாழாக்கியிருக்கிறேன். அம்மா கேட்டபோது ஆணாதிக்கம் என்று பதில் சொல்ல முடிந்தது. இவரிடம் என்ன சொல்வது?

பந்தயத்துக்குப் போனேன். சென்னைக்குப் பக்கத்தில் மூடிய தடம். பழைய வண்டிகள் மோதும் பந்தயங்களில் 'பிராக்கெட்' என்று ஒரு முறை உண்டு. தன் வண்டி எத்தனை விநாடியில் ஓடும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். மெதுவான வண்டிக்குப் பச்சை விளக்கு முதலில் எரியும், வேகமான வண்டி காத்திருக்கும். எழுதித் தந்ததைவிட வேகமாக ஓடினால், பொய்க்கணக்குக் கொடுத்தவர் தோற்றார். கூடியிருந்த ஆண்களில் ஒருவர்கூட இந்த முன்விடுகையைச் சலுகை என்று முணுமுணுக்கவில்லை. சமமில்லாத இரண்டு எஞ்சின்களைச் சமமாக மோதவிட இதுதான் வழி என்று எல்லோருக்கும் விளங்கியது. இதே மனிதர்கள் இட ஒதுக்கீடு என்றால் என்ன பேசுவார்கள் என்று நினைத்து, ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பதினைந்து விநாடிக்குச் சற்று மேல். இரண்டாவது சுற்றில் தோற்றேன். அந்தப் பதினைந்து விநாடியில் நான் யாருடைய மகளும் இல்லை, எதற்கும் பிரயோஜனமாகவும் இல்லை. அதை வேறு விதமாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் ஒரு காரியம் செய்தேன். துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருந்த பழைய சிலிண்டரையும் சைலன்சரையும் திரும்ப மாட்டினேன். புளிக்கார அம்மாவிடம், "இப்ப ஏறும்" என்றேன். அடுத்த வாரம் அவர் மகளை அழைத்து வந்தார். பன்னிரண்டாவது முடித்தவள், பதினெட்டு வயது. வண்டி கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். நான் என் மனதுக்குள் தயாராக இருந்தேன். சந்தைக்குப் போகலாம், அவசரத்துக்கு யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், லைசென்ஸ் எடுக்க இன்னின்ன வேண்டும். என் குற்ற உணர்வுக்கு ஏற்ற நல்ல, உபயோகமான பதில்கள்.

அவள் டேங்கைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இது எவ்வளவு வேகம் போகும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஏழைப் பெண்ணுக்குத் தேவைகள் மட்டும்தான் இருக்கும், ஆசை இருக்காது என்று நான் முடிவு செய்திருந்தேன். என்னிடம் அம்மா கேட்ட அதே ரசீதை, நான் அவளுக்காக முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். அவளுக்குச் சாலை வேண்டும், பஸ் வேண்டும், அதற்காகச் சண்டை போடவும் வேண்டும். அவை வந்து சேரும் வரை அவள் வேகத்தை விரும்பக் கூடாது என்று சொல்ல நான் யார்?

கழற்றிய ராவல் சிலிண்டரைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். "கிளட்ச்ச முழுசா பிடி" என்றேன். "அதெல்லாம் அப்புறம் சொல்றேன். முதல்ல நியூட்ரல் எங்க இருக்குன்னு கண்டுபிடி."