பேகன் தந்த போர்வை

தலைநகருக்கு மாற்றலாகி வந்த முதலாண்டில் நம்மவர்க்குப் பெருஞ்சுமையாவது ஞாயிற்றுக்கிழமை. வாரத்தின் ஐந்து நாள்களைக் கோப்புகள் விழுங்கிவிடும். சனிக்கிழமை துணி துவைப்பதிலும் சந்தைக்குச் சென்று வருவதிலும் தீர்ந்துபோகும். ஞாயிறோ காலை முதல் மாலை வரை வெறும் பொழுதாக நீண்டு கிடக்கும். இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திருக்குச் சென்று முருகனை வணங்கி, நாலு பேர் பேசும் தமிழைக் கேட்டுத் திரும்பினாலும், அறைக் கதவைத் திறந்தவுடன் அந்த வெறுமை முன்போலவே எதிர்கொள்ளும். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்தோர் இதனை நன்கறிவர்.

நாமும் அந்நிலையில் இருந்தபோது, ஓர் ஆகஸ்டுத் திங்களில், மொட்டை மாடியில் சிறகு கிழிந்த புறா ஒன்றைக் கண்டோம். விடுதலை நாளை ஒட்டித் தில்லி வானம் எங்கும் பட்டங்கள் பறக்கும். எதிரியின் பட்டத்தை அறுப்பதற்கென நூலில் கண்ணாடித் தூள் பூசுவர். அம் மாஞ்சா பறவையின் சிறகையும் அறுத்துவிடும். நைலான் முதலிய செயற்கை இழையால் ஆன மாஞ்சாவை 2017ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை செய்தது. ஆயினும் அது முற்றும் மறைந்துவிடவில்லை.

பக்கத்து வீட்டார் வழி சொல்ல, புறாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு சாந்தினி சவுக்குக்குச் சென்றோம். செங்கோட்டைக்கு எதிரே, லால் மந்திர் எனப்படும் சமணக் கோயிலின் வளாகத்தில், 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பறவை மருத்துவமனை உள்ளது. அங்கே மருத்துவத்திற்குக் கட்டணம் இல்லை. கொல்லாமை நெறியோர் நடத்துவதாகலின், ஊன் உண்ணும் பறவைகளுக்கு மருந்திட்டு அனுப்புவரேயன்றி உள்ளே தங்கவைப்பதில்லை. (பருந்துகளுக்கென்றே வசீராபாத்தில் சகோதரர் இருவர் செய்துவரும் தொண்டினை, 2022இல் வெளிவந்த ‘ஆல் தட் பிரீத்ஸ்’ என்னும் ஆவணப்படத்தால் உலகம் அறிந்தது.) புண்ணைக் கழுவியவர் நிமிர்ந்து பாராமலே, "கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று இந்தியில் சொன்னார். பிடித்துக்கொண்டோம். உள்ளங்கையில் அச்சிற்றுயிரின் நெஞ்சு அடித்த அடி இன்னும் நினைவில் உள்ளது.

அன்று தொடங்கி, ஞாயிறுதோறும் அங்கே செல்வது வழக்கமாயிற்று. தானியத்தில் கல் பொறுக்கினோம். கூண்டின் தட்டுகளைக் கழுவினோம். கட்டுப் போடும்போது பறவையைப் பிடித்துக்கொண்டோம். மாலையில் அறைக்குத் திரும்பினால் உறக்கம் தானே வந்தது. இதற்குக் காரணம் யாதென எண்ணிப் பார்த்ததுண்டு. அலுவலகத்தில் நாம் ஒரு நாள் வாராவிடில் வேறொருவர் கையொப்பமிடுவார், கோப்பு நகரும். இங்கோ, நாம் கையைத் தளர்த்தினால் அந்தப் புறா துடித்து, கட்டு அவிழ்ந்துவிடும். தாம் ஓர் உயிருக்குத் தேவைப்படுகிறோம் என்பதை மனிதன் கையாலேயே உணர்கின்ற இடம் அது.

இதனைச் சங்கத்து நண்பர் ஒருவரிடம் பெருமையாகக் கூறினோம். அவர் சிரித்துவிட்டு, "ஐயா, நீர் புறாவுக்குத் தொண்டு செய்வதாக நினைக்கிறீர், புறாவன்றோ உமக்குத் தொண்டு செய்கிறது!" என்றார். அச்சொல் நெடுநாள் முள்ளாய் உறுத்தியது. தன் தனிமைக்கு மருந்து தேடிச் செல்பவன் செய்வது அருளாகுமா? நோக்கம் எதுவாயினும் தைக்கப்பட்ட சிறகு தைக்கப்பட்டதே. புறா நம் உள்ளத்தை ஆராய்வதில்லை. இப்படிச் சமாதானம் கூறிக்கொண்டோம்.

ஆனால் அச்சமாதானம் ஒரு நாள் உடைந்தது. குணமான பறவைகளை மேல்மாடியிலிருந்து பறக்கவிடும்போது, நாம் பல வாரம் பார்த்துவந்த புறாவும் அவற்றுள் இருந்தது. விட்டவுடன் செங்கோட்டைப் பக்கமாய்ப் போயிற்று, திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கும் என்று எதிர்பார்த்ததும், பாராதது கண்டு வருந்தியதும் நம் பேதைமை. அதன் சிறகு இன்னும் ஒரு வாரம் ஆறாதிருந்தால் நன்றாயிருக்குமே என்றும் ஒரு கணம் தோன்றியதை இங்கு மறைத்துப் பயனில்லை. நாற்சந்திகளில் மூட்டை மூட்டையாய்த் தானியம் கொட்டிப் புறாக்கூட்டத்தைப் பெருக்குவோரையும் அப்போது நினைத்தோம். பெருகிய கூட்டத்தின் எச்சத்தால் சிலருக்கு நுரையீரல் நோய் வருகிறதென மருத்துவர் எச்சரிக்கின்றனர். ஆயினும் தம்மைச் சூழ்ந்து சிறகடிக்கும் அந்த ஆரவாரத்தை அவர்களால் விட முடிவதில்லை.

இரண்டாண்டு சென்று மனைவியார் தில்லிக்கு வந்தார். நமது ஞாயிற்றுப் பழக்கம் மட்டும் மாறவில்லை. அவருக்கு இந்தி தெரியாது; அண்டையில் தமிழ்க் குடும்பமும் இல்லை. ஒரு ஞாயிறு காலை நாம் செருப்பை மாட்டும்போது, "புறாவுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வாருங்கள், நான் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்" என்றார். குரலில் சினம் இல்லை. அதுவே நம்மைத் தடுத்து நிறுத்தியது.

குளிரில் நடுங்குவதாகக் கருதி மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகனைப் பள்ளிப் பருவம் முதலே வள்ளலாகப் போற்றி வருகிறோம். அப்பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான் என்பதும் புறநானூற்றிலேயே உள்ளது. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நால்வர் அவள்பொருட்டு அவனைப் பாடினர். பொன்னும் பொருளும் வேண்டாது, அவன் தேரேறிச் சென்று அவள் துயர் களைவதையே பரிசிலாகப் பரணர் வேண்டினார். மயிலின் நடுக்கம் கண்ட கண்ணுக்கு மனைவியின் கண்ணீர் தெரியாமற் போனது எங்ஙனம்?

பேகனின் அருள் பொய் என்று நாம் கருதவில்லை. அது எளிது, அவ்வளவே. மயிலிடம் பழைய கணக்கு இல்லை. "நேற்று ஏன் வரவில்லை?" என்று அது கேளாது. போர்வையைப் பெற்றுக்கொண்டு வாளாவிருக்கும். மனிதரிடமோ எத்தனை நிலுவைகள்! பேசாது விட்ட பேச்சு, ஆற்றாது விட்ட மனக்குறை, எழுதாது விட்ட கடிதம். தனிமையில் வாடுவோன் உயிரினங்களை நாடுவதில் அன்பு உண்டு. அந்நிலுவைகளுக்கு அஞ்சும் கோழைமையும் அதனுள் சிறிது உண்டு. நம்மிடம் இரண்டும் இருந்தன. புலவர் நால்வரும் போர்வையைத் திரும்பப் பெறுமாறு பேகனிடம் கூறவில்லை என்பதையும் கருதவேண்டும்.

அன்று நாம் செல்லவில்லை. அடுத்த ஞாயிறு இருவருமாகச் சென்றோம். கூண்டுகளின் நெடி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆயினும் கிளியொன்றைக் கொணர்ந்திருந்த மூதாட்டியிடம், தாம் அறிந்த பத்து இந்திச் சொற்களைக் கொண்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் அங்கு வரவில்லை. நாமும் மாதத்தில் ஒரு ஞாயிறு என்று குறைத்துக்கொண்டோம். அந்த ஞாயிறன்று, பறவைகளைச் சுற்றுவதற்கென்று பழைய துண்டுகளைத் துவைத்து மடித்துப் பையில் வைத்துத் தருபவர் அவரே.