தண்ணீருக்கு விலை

தண்ணீருக்கு விலை வைப்பது பாவமா? கேட்டவுடன் 'ஆம்' என்று சொல்லவே நம் நா முந்துகிறது. இறைவன் கொடையாகத் தந்ததை மனிதன் விற்பது எங்ஙனம் தகும்? ஆனால் விவிலியம் அத்துணை அவசரம் காட்டவில்லை. ஏதோம் நாட்டின் வழியே செல்ல அனுமதி வேண்டிய இஸ்ரயேலர், தாங்களும் தங்கள் கால்நடைகளும் குடிக்கும் நீருக்கு விலை தருவதாகவே சொல்லியனுப்பினர். ஏசாவின் மக்களிடம் தண்ணீரைப் பணம் கொடுத்து வாங்குமாறு ஆண்டவரே பணித்ததாக இணைச்சட்ட நூலும் கூறுகிறது. கிணறு அயலானுடையது, தோண்டிய உழைப்பும் அவனுடையது. புலம்பல் நூலிலோ, வீழ்ந்த எருசலேமின் மக்கள் தங்கள் சொந்தத் தண்ணீரையே காசு கொடுத்துக் குடிக்க நேர்ந்ததே என்று அழுகின்றனர். இரண்டிடத்திலும் கைமாறியது பணந்தான். ஓரிடத்தில் அது நீதி, மற்றோரிடத்தில் அடிமைத்தனம்.

1992 ஆம் ஆண்டு டப்ளின் நகரில் கூடிய நீரியல் வல்லுநர்கள், தண்ணீரைப் பொருளாதார மதிப்புள்ள பண்டமாகக் கருதவேண்டும் என்று அறிவித்தனர். அதே கோட்பாட்டின் விளக்கத்தில், எல்லா மனிதருக்கும் தாங்கக்கூடிய விலையில் தூய நீர் பெறும் உரிமையை முதலில் ஏற்கவேண்டும் என்றும் எழுதினர். வளரும் நாடுகளுக்குக் கடன் கொடுத்தவர்களின் செவியில் முன்னது விழுந்த அளவுக்குப் பின்னது விழவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பொலிவியாவின் கொச்சபாம்பா நகரில் நடந்ததைப் பாருங்கள். 1999 இல் அந்நகரின் குடிநீர் வழங்கல் 40 ஆண்டுகளுக்கு 'அகுவாஸ் தெல் துனாரி' என்னும் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அமெரிக்காவின் பெக்டெல் குழுமம் அதில் முதன்மைப் பங்காளி. போட்டியிட்டது இந்த ஒரு நிறுவனமே. முதலீட்டுக்கு ஏறத்தாழ 16 விழுக்காடு ஆதாயம் உறுதி செய்யப்பட்டது. சில வாரங்களில் கட்டணம் உயர்ந்தது. சில வீடுகளுக்கு இருமடங்கையும் தாண்டிற்று. இன்னும் கட்டி முடியாத மிசிகூனி அணைத் திட்டத்தின் செலவும் அதில் அடங்கியிருந்தது. அதாவது, வராத தண்ணீருக்கும் மக்கள் காசு கொடுத்தனர். அதைவிடக் கொடியது ஒன்றுண்டு. குழாய் எட்டாத புறநகரில் மக்கள் தம் கைப்பணத்தில், தம் கைகளாலேயே தோண்டி, கூட்டாக நிர்வகித்த கிணறுகளும் அந்த ஏகபோக உரிமத்தின் கீழ் வரும் நிலை தோன்றியது. ஏதோமியருக்குக் கொடுத்த விலையன்று இது. புலம்பலில் அழுதவர்கள் கொடுத்த விலை.

மக்கள் தெருவுக்கு வந்தனர். பேராயர் தீத்தோ சொலாரி இரு தரப்புக்குமிடையே நின்று பேசினார். 2000 ஏப்ரலில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானான். ஒப்பந்தம் முறிந்தது. நிறுவனம் இழப்பீடு கோரித் தொடுத்த வழக்கு, 2006 இல் பெயரளவில் இரண்டு பொலிவியானோ நாணயத்தோடு முடிந்தது.

இதை வெற்றி என்று எழுதிப் பேனாவை மூடிவிடலாம். பலர் அவ்வாறே செய்தனர். ஆனால் தண்ணீர் வழங்கல் நகராட்சி நிறுவனத்திடம் திரும்பிய பின்பும், நகரின் தென்பகுதி ஏழைகளில் பலருக்குப் பல ஆண்டுகள் குழாய் வரவில்லை. குழாய் உள்ளவன் மலிவான கட்டணம் கட்ட, இல்லாதவன் லாரிக்காரரிடம் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கினான். 'தண்ணீர் விற்பனைக்கல்ல' என்ற முழக்கம் அவன் வாசலில் நின்ற லாரியை நிறுத்தவில்லை. விலையைக் குறைத்துவைப்பதாலேயே ஏழைக்கு நீதி கிடைத்துவிடுவதில்லை. அந்தச் சலுகை பெரும்பாலும் குழாய் இருக்கும் வீட்டுக்கே போய்ச் சேருகிறது. குழாய் பதிக்கவும், கசிவை அடைக்கவும், நீரைத் தூய்மையாக்கவும் பணம் வேண்டும். அதை யார் தருவது?

மிகுதியாய் வைத்திருப்பவரின் உடைமை, இயற்கைச் சட்டப்படி ஏழைகளின் வாழ்வுக்குக் கடன்பட்டது என்பது புனித தோமா அக்குவினாரின் போதனை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் இதைத் தண்ணீருக்கே பொருத்திக் காட்டினார்: தூய நீரின்றி வாழும் ஏழைகளுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது, அவர்களுக்கு நீர் வழங்கக் கூடுதல் நிதி ஒதுக்குவது அக்கடனில் ஒரு பகுதியைத் தீர்ப்பது. இங்கே கணக்கு தலைகீழாகிறது. முதலீடு செய்பவன் கடன் கொடுத்தவன் அல்லன், கடன்பட்டவன். 2022 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பாதுகாப்பான குடிநீர் வசதி இல்லாதவர்கள் 220 கோடிப் பேர்.

தென்னாப்பிரிக்கா இக்கடனைச் சட்டமாகவே எழுத முயன்றது. 1996 இன் அரசமைப்பு போதிய நீரை உரிமை என்றது. 2001 முதல் குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. நல்ல முயற்சி, இன்றும் பல நாடுகள் எட்டாதது. ஆனால் சொவெட்டோவின் பிரி பகுதியில், இலவச அளவு தீர்ந்தவுடன் தானே மூடிக்கொள்ளும் முன்பண மீட்டர்கள் பொருத்தப்பட்டன. மக்கள் வழக்குத் தொடுத்தனர். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்றது 2008 இல் உயர் நீதிமன்றம். 42 என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அளவை நிர்ணயிப்பது அரசின் பணி என்று கூறி, 2009 இல் அரசமைப்பு நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது. வழக்கு நடக்கும்போதே நகராட்சி வறியோருக்கான அளவைச் சற்றுக் கூட்டியது என்பதையும் சொல்லவேண்டும். சட்ட நுணுக்கத்தில் அத்தீர்ப்பை நான் குறை காணத் துணியேன். ஆயினும் 'குடும்பத்துக்கு' என்ற ஒரு சொல்லில் சிக்கல் ஒளிந்திருந்தது. 6,000 லிட்டரை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 200. வழக்குத் தொடுத்தோருள் ஒருவரின் வீட்டில் இருபது பேர் வாழ்ந்தனர். ஆளுக்குப் பத்து லிட்டர்: குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க.