காவலா, காலனா?

கையிலே துப்பாக்கி இருந்தால் கவலையே இல்லை என்கின்றனர் அமெரிக்கர் பலர். கவலை இல்லையா, கவலைப்பட நேரமே இல்லையா? தோழர்களே, சற்றே ஆராய்வோம்.

1791-இல் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் இடம்பெற்ற இரண்டாம் திருத்தம், மக்கட்படையைச் சொல்லித் தொடங்கி, ஆயுதம் ஏந்தும் மக்களின் உரிமையைச் சொல்லி முடிகிறது. படைக்கா உரிமை, தனி மனிதனுக்கா? 2008-இல் உச்ச நீதிமன்றம், தனி மனிதனுக்கே என்றது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஒரே ஒரு வாக்கு! வேதவாக்கெனப் போற்றுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

"கொடுங்கோலை எதிர்க்கக் குடிமகன் கையில் ஆயுதம் வேண்டாமா?" என்பர். புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. ஆனால் 1967-இல் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் சட்டப்படியே துப்பாக்கி ஏந்திக் காவலரைக் கண்காணித்தபோது நடந்தது என்ன? குண்டேற்றிய துப்பாக்கியுடன் பொதுவிடத்தில் உலவத் தடைச்சட்டம் வந்தது. கையொப்பமிட்டவர் ஆளுநர் ரீகன். ஏந்தியவரின் நிறம் கறுத்ததும், உரிமையின் நிறம் வெளுத்துவிட்டது!

2021-இல் அங்கே துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடன் வரவில்லை, துயரம் வந்தது. அது தணியுமுன் துப்பாக்கி முந்திக்கொண்டது.

பள்ளி ஆசிரியராகிய நாம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2018-இல் பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் மாண்டபின், புளோரிடா மாநிலம் மறு ஆண்டே, பயிற்சி பெற்ற ஆசிரியரும் வகுப்பறையில் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் இயற்றியது. துப்பாக்கிக்கா பஞ்சம்? 2022 மே 24-இல் டெக்சாசின் உவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் பலியாயினர். அங்கு வந்து சேர்ந்த காவலர் 376 பேர். அவர்கள் வகுப்பறைக்குள் புகுந்து கொலைஞனை வீழ்த்தியதோ 77 நிமிடம் கழித்து. அவர்கள் தயங்கிய இடத்தில், சுண்ணக்கட்டி பிடித்துப் பழகிய விரல் தயங்காதாம்!

தயங்காது என்றே வைத்துக்கொள்வோம். பார்க்லாந்தில் சுட்டவன் அப்பள்ளியில் பயின்றவனே. அப்படியானால் யாரைக் குறிவைக்க நமக்குப் பயிற்சி? நம் மாணவனை! கடைசி வரிசையில் முகம் வாடி அமர்ந்திருக்கும் பையனிடம், "என்னப்பா, சாப்பிட்டாயா?" எனக் கேட்கவேண்டிய நாம், அவன் பைக்குள் என்ன இருக்குமோ என்றல்லவா எண்ணத் தொடங்குவோம்? அந்த வகுப்பறையில் எதைக் கற்பிப்பது?

ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டனர். அரசு ஏறத்தாழ ஆறரை இலட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது. உரிமம் கேட்பவர் தக்க காரணம் காட்டவேண்டும் என்றது. உழவர் காட்டலாம், வேட்டையாடுவோர் காட்டலாம். தற்காப்பு மட்டும் காரணமாகாது. அண்டை வீட்டானிடம் நமக்குள்ள அச்சத்துக்கு அரசு உரிமம் வழங்காது என்பதே அதன் பொருள்.

இதைச் செய்த பிரதமர் ஹோவார்டு புரட்சிக்காரரல்லர், பழமைவாதி. எதிர்ப்பாளர் திரண்ட கூட்டமொன்றில், மேலங்கிக்குள் குண்டு துளைக்காக் கவசம் அணிந்து பேசினார். அதற்காகப் பின்னர் வருந்தியதாகச் சொன்னார். சட்டத்தைத் திரும்பப் பெறவில்லை.